உப்பாவின் தாடியில் நீலம்

உம்மாவின் முகவாயில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். அதைப் பார்த்த அதிர்ச்சியில் நிஹாலா தின்றுகொண்டிருந்த அரிசிப் பத்திரியைக் கீழே போட்டுவிட்டாள்.

"உம்மா! யாரு அடிச்சா?"

"ஆஸ்பத்திரி உடுப்புதான் அடிச்சிருச்சு," என்றாள் உம்மா. "ஆறடி ஆம்பளைக்குத் தைச்சது. பயிற்சியிலயே கால் தடுக்கிக் குப்புற விழுந்தேன்."

உம்மா நர்ஸ். கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் பரவியதிலிருந்து பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டு. இன்னும் இரண்டு நாளில் உம்மாவுக்குக் காய்ச்சல் வார்டில் வேலை. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

உப்பா கோயாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊருக்கே ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவன் நான். என் வீட்டுக்காரி துணி தடுக்கி விழறதா?"

ஆஸ்பத்திரியில் சொல்லி அதே துணியை வாங்கி வந்தார். தையல் மிஷின் நாள் முழுக்கக் கடகடத்தது. யூனிஃபார்ம் தைத்துப் பழகிய கை அல்லவா? கால்சட்டை தனி, நீளமான மேல்சட்டை தனி. தலைமூடியை மேல்சட்டையோடு சேர்த்தே தைத்துவிட்டார்.

"பாத்தியா? முன்னாடி திறப்பே வைக்கல. கிருமி நுழைய வாசலே கிடையாது!"

உம்மா போட்டுப் பார்த்தாள். குனிந்தாள், குந்தினாள், கையைத் தூக்கினாள். எங்கேயும் இழுக்கவில்லை. மகிழ்ச்சியோடு மேல்சட்டையைத் தலை வழியாக உருவிப் போட்டாள்.

நிஹாலாவுக்கு ஏதோ உறுத்தியது. "உம்மா, கழட்டறப்ப சட்டையோட வெளிப்பக்கம் உங்க மூக்குல உரசிச்சே."

"சுத்தமான துணிதானே மோளே."

"வார்டுலேர்ந்து வர்றப்ப சுத்தமா இருக்குமா?"

உம்மா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உப்பாதான் சிரித்தார். "பெரிய டாக்டரம்மா வந்துட்டா!"

நிஹாலா விடுவாளா? துணிக்குப் போடும் நீலப்பொடியை எடுத்துக் கையெல்லாம் பூசிக்கொண்டு பாயில் படுத்தாள். "நான்தான் நோயாளி. இந்த நீலம்தான் கிருமி. நீங்க நர்ஸ். என்னைத் தூக்கி உக்கார வைங்க."

உப்பாவும் உம்மா உயரம்தான். உடுப்பையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு மகளைத் தூக்கி உட்கார வைத்தார். "ஆச்சா?" என்று சட்டையைத் தலை வழியாக உருவினார்.

உம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

உப்பாவின் தாடி நீலம். மூக்கு நீலம். உதட்டிலும் நீலம்!

கண்ணாடியில் பார்த்த உப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாஹ்! நாளைக்கு இது உன் முகத்துல..."

"இத்தனை வருஷம் நர்ஸா இருந்தும் எனக்குத் தோணலையே," என்றாள் உம்மா. நிஹாலா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். இப்போது அழுகை வந்தது.

ஆனால் அழுதுகொண்டிருந்தால் உம்மா எதைப் போட்டுக்கொண்டு போவாள்?

"உப்பா, மழையில நனைஞ்ச சாக்ஸை எப்படிக் கழட்டுவோம்? மேலேர்ந்து சுருட்டினா வெளிப்பக்கம் உள்ளே போயிரும்ல? சட்டையையும் அப்படிச் சுருட்ட முடியாதா?"

உப்பா நிமிர்ந்தார். "முன்னாடி கழுத்துலேர்ந்து அடி வரைக்கும் ஜிப் வைக்கணும்."

"தலைமூடிய முகத்துப் பக்கம் இழுக்காம பின்னாடி தள்ளணும்," என்றாள் உம்மா. "அப்புறம் தோள், அப்புறம் கை. அப்படியே சுருட்டிக்கிட்டே வரலாம்!"

சட்டையைத் துவைத்துக் காயவைத்து, நடுவில் வெட்டி ஜிப் வைத்தார் உப்பா. கால்சட்டை இடுப்பையும் சுருட்டுவதற்கு வாகாக மாற்றினார். நிஹாலா மறுபடி நீலத்தோடு படுத்தாள். இந்த முறை உம்மா உடுப்பைச் சுருட்டிக் கழற்றினாள். மூவரும் விளக்கடியில் அவள் முகம், கழுத்து, மணிக்கட்டு எல்லாம் தேடினார்கள். ஒரு பொட்டு நீலம் இல்லை.

ஆஸ்பத்திரியிலும் சோதித்துப் பார்த்துச் சரி என்றார்கள். உம்மா வார்டுக்குள் போனாள். அவள் வெளியே வரும்வரை வீட்டில் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒருவழியாகப் போன் வந்தது.

"பத்திரமா வெளிய வந்துட்டேன். எல்லா நர்ஸுங்களும் இதே மாதிரி கேக்கறாங்க. யார் யோசனைன்னாங்க. எங்க வீட்டுப் பெரிய டெய்லரோடதுன்னு சொல்லிட்டேன்."

உப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "என்னைத்தான் ஊருக்கே தெரியுமே!"

"உங்களைச் சொல்லல," என்றாள் உம்மா. "பக்கத்துல நிக்கறவகிட்ட போனைக் குடுங்க."