யார்க் ஹோட்டலின் மூன்று படிகள்

"லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம்? உள்ளே ஸ்கூட்டரைத் திருப்ப இடம் இருக்கா? ராத்திரி சார்ஜ் போட அறைக்குள்ளேயே பிளக் வேணும்..."

க்ளெண்டா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தாள். சமையலறை மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே அவள் மகள் கெரி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் க்ளெண்டாவின் கணவர் நார்மனின் தங்கை பெவர்லி. நாத்தனார் என்ற உறவுக்கு இங்கிலாந்தின் க்ரிம்ஸ்பி ஊரிலும் குணம் மாறுவதில்லை.

"காலங்காத்தாலேயே ஆரம்பிச்சாச்சு!" என்றாள் பெவர்லி. "ஹோட்டல்ல தங்கப் போறாளா, விலைக்கு வாங்கப் போறாளா?"

நார்மன் ரொட்டியில் மார்மலேட் தடவிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டிக்கு நடுவே பெட்டி தூக்கிய மனிதர். இப்போது வெளியே போவதென்றால், நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் அந்த பேட்டரி ஸ்கூட்டர்தான். கேட்பவர்களிடம், "தூரம் போறதுக்கு மட்டுந்தான்" என்பார்.

க்ளெண்டா போனை வைத்ததுதான் தாமதம், கெரி வெடித்தாள்.

"கல்யாணத்துக்கு எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும்னு, யார்க்ல தேவாலயத்துக்குப் பக்கத்துல அவ்வளவு அழகான ஹோட்டலா பார்த்துப் போட்டிருக்கேன். நீ என்னடான்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்க அறையை ரத்து பண்ணிட்டு, ஊருக்கு வெளியே லாரி ஓடுற ரோட்டோரம் ஏதோ டப்பா ஹோட்டல்ல போட்டிருக்கே! ஏம்மா... என் சந்தோஷம் உன் கண்ணை அவ்வளவு உறுத்துதா?"

"அந்தப் பழைய கட்டடத்துல வாசல்லயே படி இருக்கு, கெரி. லிஃப்டும் சின்னது..."

"மூணே மூணு படி! அப்பாவே சமாளிச்சுடுவேன்னு சொல்றாரு. நீதான் அவரை நோயாளியாக்கி வீட்டுல பூட்டி வெச்சிருக்கே!" கெரியின் குரல் தழுதழுத்தது. "என் நிச்சயதார்த்த விருந்துக்கும் வரலை, அப்பாவையும் அனுப்பலை. தலைவலின்னே. ரோரியோட அப்பா அம்மா முன்னாடி நான் தலைகுனிஞ்சு நின்னேன், தெரியுமா?"

தெரியும். அன்றைக்கு க்ளெண்டாவுக்குத் தலைவலியும் இல்லை, கால்வலியும் இல்லை. விருந்து மதுக்கடை மாடியில் நடந்தது. ஏறுவதற்கு ஒரு செங்குத்தான படிக்கட்டைத் தவிர வேறு வழியே கிடையாது. அந்தக் குளிர்காலத்தில், விருந்துக்கு முன்னால்தான் நார்மன் குளியலறையில் விழுந்தார். அதற்குப் பிறகு அவரது இடது கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. கைத்தடியோடு சமதரையில் நாலடி வைப்பார். படி என்றால் ஒன்றுகூட முடியாது.

"யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார். "என் பொண்ணு கையைப் பிடிச்சு தேவாலயத்துல நடத்திக் கூட்டிட்டுப் போகணும். தெரிஞ்சா வேற யாரையாவது நிறுத்திடுவாங்க. அதுவரைக்கும் பயிற்சி பண்ணிச் சரியாக்கிடுவேன்."

அந்த ஒரு வாக்குக்காக க்ளெண்டா கெட்டவளானாள். மாடி என்றாலே எனக்கு ஆகாது என்றாள். கூட்டம் பிடிக்காது என்றாள். பெவர்லி வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் போகவில்லை. ராத்திரியில் அவர் புரண்டு படுக்கக்கூட அவள்தான் எழுந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும். பகலில் அவளுக்குப் பிடிவாதக்காரி என்ற பட்டம்.

கெரி அப்போதே யார்க் ஹோட்டலுக்குப் போன் செய்து பழைய அறையைத் திரும்பக் கேட்டாள். பிறகு போனை அப்பாவிடம் நீட்டினாள். "கொஞ்சம் படி ஏறுவீங்களான்னு உங்களையே கேக்கறாங்க."

க்ளெண்டா அவரையே பார்த்தாள். இப்போதாவது சொல்லேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"ஓ, தாராளமா!" என்றார் நார்மன். "எனக்காக நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம்."

சிரமம் கொடுக்கக் கூடாதாம்! இந்த ஊர் ஆண்பிள்ளைகள் தீப்பிடித்து எரியும்போதுகூட, வந்த தீயணைப்புக்காரரிடம் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். க்ளெண்டாவுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அப்பா வந்தாப் போதும் எனக்கு" என்று கெரி கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்மா!"

அன்று முழுக்க க்ளெண்டா அழவில்லை. பாத்திரங்களை மட்டும் இரண்டு முறை கழுவினாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் யார்க்கில் தூறிக்கொண்டிருந்தது. ஹோட்டல் வாசலில் தேய்ந்துபோன மூன்று கல்படிகள். முன்னாலேயே வந்துவிட்ட கெரியும் பெவர்லியும் அங்கே காத்திருந்தார்கள். வரவேற்புப் பெண் ஓடிவந்து இரண்டு இரும்புப் பலகைகளைச் சாய்த்து வைத்தாள். ஸ்கூட்டரைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ... இது சக்கர நாற்காலிக்குத்தாங்க. இவ்வளவு கனத்துக்குப் பலகை தாங்காது. பழங்காலக் கட்டடம், சட்டப்படி வாசல்ல ஒரு கல்லைக்கூட மாத்த விட மாட்டாங்க. வண்டி லிஃப்டுக்குள்ளயும் போகாது. கீழயே நிறுத்திட்டு வந்தீங்கன்னா... படி ஏறுவேன்னு சொன்னீங்களே சார்?"

கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளை ரோரியின் வீட்டார் கோப்பைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நார்மன் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு வலது காலை முதல் படியில் வைத்தார். இடது கால் வரவில்லை. நெற்றி வியர்த்தது. மறுபடியும் இழுத்தார். உடம்பு முழுக்க நடுங்கியது.

க்ளெண்டா குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"விடு க்ளெண்டா!" என்று அதட்டினாள் பெவர்லி. "நீ தாங்கித் தாங்கித்தான் எங்க அண்ணன் இப்படி ஆயிட்டான்!"

"வாயை மூடு, பெவ்!"

நார்மன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

"என்னால முடியாது" என்றார். "மூணு படி இல்லை, ஒரு படியும் முடியாது. குளிர்காலத்துலேர்ந்தே முடியலை! க்ளெண்டா அத்தனை ஹோட்டலுக்கும் போன் பண்ணினது எனக்காக. நிச்சயதார்த்தத்துக்கு வராததும் எனக்காக. தலைவலின்னு நான்தான் சொல்லச் சொன்னேன். கெரி... நாளைக்கு உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசைம்மா... அதுக்காக உன் அம்மாவை எல்லார் வாயிலயும் விழ வெச்சுட்டேன்!"

அவர் அழுதார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. க்ளெண்டா அவரைத் தாங்கி ஸ்கூட்டரில் உட்கார வைத்து, நழுவிய காலை எடுத்து மிதிபலகையில் வைத்தாள். அவள் அதைச் செய்த வேகத்தையும் பழக்கத்தையும் கெரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா... நான் என்னென்னவோ பேசிட்டேனேம்மா... ஒரு தடவையாவது நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்" என்றாள் க்ளெண்டா. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் குரலில் ஏறியது. "ஆனா நார்மன், இனிமே கிடையாது. உன் காலை நான் தூக்கறேன், எத்தனை வருஷம் வேணும்னாலும். உன் பொய்யை இனிமே தூக்க மாட்டேன். என் பொண்ணு என்னை வேணாம்னு சொன்னா. அதைக் கேட்டுக்கிட்டு நீ ரொட்டி தின்னுட்டிருந்தே!"

நார்மன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அந்த ரோட்டோர ஹோட்டல் அறையை நான் விடலை" என்றாள் க்ளெண்டா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நேரா உள்ளே ஓட்டிட்டுப் போகலாம். கட்டில் பக்கத்துலயே பிளக் இருக்கு. நாங்க கிளம்பறோம்."

பெவர்லி மெல்ல அருகில் வந்தாள். அவள் கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, க்ளெண்டா..."

"நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், பெவ். ஆனா நீ கேட்டிருக்கலாம்."

பெவர்லி குனிந்து, கீழே கிடந்த குடையை எடுத்து அண்ணி தலைக்கு மேல் பிடித்தாள். பெவர்லியின் தோள் நனைந்துகொண்டிருந்தது.

கெரி படிகளில் ஏறி உள்ளே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் ரோரியிடம் ஏதோ சொன்னாள். திரும்பி வரும்போது அவள் கையில் பெட்டி இருந்தது, வெள்ளை உறையில் கல்யாண உடுப்பும் இருந்தது.

"நீ எங்கடி வர்றே?" என்றாள் க்ளெண்டா.

"உங்க கூடத்தான். நாளைக்கு அங்கிருந்தே கிளம்பிக்கறேன்." கெரி குனிந்து அப்பாவின் ஈரக் கன்னத்தைத் துடைத்தாள். "அப்பா, நீங்க ஸ்கூட்டர்லயே வாங்க. ஒரு கையால ஓட்டுங்க, இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கோங்க. தேவாலயத்துல பக்கவாசல் சமதரைதான், அப்படியே போயிடலாம்."

பிறகு அம்மாவிடம் வந்தாள். சின்னக் குழந்தைபோல் அவள் உதடு பிதுங்கியது.

"எனக்கு இன்னொரு கை சும்மாதானே இருக்கும்மா... நீ பிடிச்சுக்கிறியா?"

க்ளெண்டா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கல்யாண உடுப்பு நடுவில் மாட்டிக் கசங்கியது. "பார்த்து, பார்த்து!" என்று பெவர்லி பதறினாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் க்ளெண்டா அந்தத் தெருவிலேயே, தூறலில், வாய்விட்டு அழுது தீர்த்தாள்.