எக்கோ ஜெட்டி

பரமட்டா ஆற்றங்கரைக்குத் தாட்சாயினி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பழைய படகுத்துறையின் பலகைகள் ஊறிக் கறுத்துக் கிடந்தன. கரையோரக் கண்டல் மரங்களின் சேற்று வாடை மூக்கில் ஏறியது. மீன்பிடிக்கப் போன அவள் கணவன் அருந்தவனின் சிறுபடகு கவிழ்ந்து, அவன் காணாமல் போய்ச் சில நாட்களாகிவிட்டன. தேடுதலைப் பொலிஸ் நிறுத்தப்போகிறதென்று கேட்டதும், அவனுடைய தம்பி சிறிதரனை இழுத்துக்கொண்டு அவளே வந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ!" என்று, வீட்டில் கணவனைக் கூப்பிடுவதுபோலவே ஆற்றைப் பார்த்துக் கத்தினாள்.

தூண்டிலோடு உட்கார்ந்திருந்த மலேசியத் தமிழர் கிருஷ்ணசாமி பதறி எழுந்தார். "கூப்பிடாதீங்கம்மா. இந்தப் படகுத்துறைக்கு எக்கோ ஜெட்டின்னு பேரு."

"எதிரொலிக்கு என்ன பயம், அங்கிள்?" என்றான் சிறிதரன்.

"எதிர்ல மலை இருக்கா, சுவர் இருக்கா? எதிரொலி எங்கேருந்து வரும்? அந்தக் காலத்துல இங்க ஒரு பயணிகள் படகு மூழ்கிடுச்சு. பொம்பளைங்க இந்தப் பலகையில நின்னு புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. தண்ணிக்குள்ளேருந்து பதில் வந்துச்சாம். குரல் வந்த பக்கம் இறங்கிப் போனவங்க திரும்பல. பேப்பர்காரன் எதிரொலின்னு எழுதி முடிச்சிட்டான். அந்தப் பேரே நிலைச்சுப்போச்சு."

பதில் வரும் என்பது மட்டுந்தான் தாட்சாயினியின் காதில் விழுந்தது. பலகை விளிம்புக்கு ஓடினாள்.

"அருந்தவன்!"

ஆறு அலையடங்கிக் கிடந்தது.

"ஓம், தாட்சா."

அவன் குரலேதான். அவள் காலுக்குக் கீழிருந்து வந்தது.

"தண்ணி குளிருது. கையைத் தா."

"வாறன்! இந்தா வாறன்!" பாசி படிந்த படிகளில் இறங்கினாள். இடுப்புவரை தண்ணீர் ஏறிவிட்டது. சிறிதரன் பாய்ந்து அவளைப் பிடித்தான்.

"அண்ணி, அது அண்ணா இல்லை!"

"விடடா! அவர் உயிரோட இருக்கிறார், விடு!" அவன் கையைக் கடித்தாள். அவன் விடாமல் கரைக்கு இழுத்துப் போட்டான்.

அப்போது அவனுடைய போன் அடித்தது. பொலிஸ். அருந்தவனின் உடலைக் காலையிலேயே வெகுதூரத்தில் எடுத்துவிட்டார்களாம்.

பலகைக்கடியில் குரல் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

செத்தவீட்டுச் சடங்குகள் முடிந்து உறவினர்கள் கலைந்த பிற்பகல். ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக் குசினியில் அடுப்பருகே தாட்சாயினி தனியே நின்றாள். வாசலில் சிறிதரன் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணி! எங்க நிக்கிறியள்?"

அவள் வாய் திறக்கவில்லை.

குளியலறைத் தண்ணீருக்குள்ளிருந்து அவளுடைய குரலே பதில் சொன்னது.

"ஓம் தம்பி, இஞ்ச நிக்கிறன். வா."

சிறிதரனின் காலடி அந்தப் பக்கம் திரும்பியது.