பார்வைக்கு வைத்த ரேடியோ

திருப்புளியை இரண்டாவது திருகில் வைத்து அழுத்தினார் அமலநாதன். கை வழுக்கியது. ரேடியோப் பெட்டியின் அடியிலிருந்து கசிந்த ஈரம் விரலில் பிசுபிசுத்தது. எட்டு நாளாக இதே ஈரம். துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"வேணாங்க, புள்ள பேசிக்கினு இருக்கான்!" ஞானமேரி ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளயாம் புள்ள! சைகோன் ஸ்டேஷன்ல எவனோ பிரெஞ்சுல அரிசி வெல வாசிக்கிறான். கைய எடுடி!"

"பெத்தவளுக்குக் கொரல் தெரியாதா? எனக்குப் பிரெஞ்சுதான் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே, என்ன சொல்றான்னு சொல்லுங்களேன்."

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. சைகோனுக்கு வேலைக்குப் போன மகன் பிரான்சுவாவிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் துறைமுக ஆபீஸில் வேலை முடிந்து அவர் திரும்பும்போதெல்லாம், "கப்பல் வந்துச்சா?" என்று வாசலில் நின்றாள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் ராஜாங்கம் கடைக் கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த ரேடியோவை வாங்கிவந்தார். இப்போது வாசலை விட்டுவிட்டுப் பெட்டியடியில் கிடக்கிறாள். சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. இப்படியே போனால் செத்துப்போவாள்.

எல்லாம் அந்தத் திருட்டுப் பயல் ராஜாங்கத்தால்! குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே குரல். எண்களுக்குப் பின்னால் விளக்கு எரிவதில்லை. மணிக்கணக்காகப் பேசினாலும் பெட்டியின் மரம் சூடேறாமல் சவம்போல் சில்லிட்டிருக்கிறது. பெட்டியின் முன்புறத் துணி வழியே பாசியும் அழுகிய மீனுமாய் ஒரு நாற்றம் வந்து, சாம்பிராணி போட்டும் போகாமல், வீடெங்கும் தங்கிவிட்டது.

கோயிலில் ஆறு மணி அடித்தது. வாசலில் செருப்புச் சத்தம்.

"முசியே!"

ராஜாங்கம். கக்கத்தில் தகரப் பெட்டி.

"வாய்யா! மனுசனா நீ? சொத்தைச் சாமான என் தலைல கட்டிட்டு..."

"நல்லா திட்டுங்க முசியே, தப்பு எம்மேலதான். உப்புக்காத்துல வால்வு வீணாப்போவுதுன்னு அலமாரில வெறுங்கூட்டத்தான் வெப்போம். விக்கறப்பதான் உள்சாமானப் பூட்டிக் குடுப்போம். நான் கடலூர் போன அன்னிக்கு எங்க ஆளு வெறுங்கூட்டயே தூக்கிக் குடுத்துட்டான். எட்டு நாளா பேசாத பெட்டிய வெச்சிக்கினு எப்படித்தான் பொறுத்தீங்களோ..."

தகர மூடியைத் திறந்தான். வைக்கோலுக்குள் ஐந்து வால்வுகள்.

பிறகு அவன் காதிலும் அந்தக் குரல் விழுந்தது.

தகரப் பெட்டி தரையில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது. தெருவில் செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது.

"நடிக்கிறான்! நாடகமாடறான்!" அமலநாதன் கத்தினார். மூன்றாவது திருகு. நான்காவது. பின்பலகையைப் பிடுங்கி எறிந்தார்.

வெறும் மரம்.

கம்பி இல்லை. எதுவுமே இல்லை. அடியில் தண்ணீர். தண்ணீரில் ஓர் உறை. நான்கு பக்கமும் கறுப்புக் கரை. சைகோன் முத்திரை. அவருடைய பெயர். உறையைச் சுற்றி ஒரு சணல், சணலில் ஒரு கல்.

அவர் கட்டிய கல். அவர் போட்ட முடிச்சு.

ஜூலையில் வந்த கப்பல் தபாலில் அவரே எடுத்த உறை. பிரித்துப் படித்து, இவளுக்குத் தெரியவே கூடாதென்று துறைமுகப் பாலத்தின் முனையிலிருந்து கடலில் அவரே எறிந்த உறை.

குரல் நிற்கவில்லை. வெறும் மரத்துக்குள்ளிருந்து நிதானமாக, வரி வரியாக வாசித்தது. இந்த எட்டு நாளும் அவர் கேட்கமாட்டேன் என்று அடம்பிடித்த பிரெஞ்சு வரிகள். அவருக்கு மனப்பாடமான வரிகள்.

*தங்கள் மகன் பிரான்சுவா, ஜூன் பதினேழாம் தேதி, ஆற்றில் மூழ்கி...*

பிரான்சுவாவின் குரல்தான்.

ஞானமேரி பெட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பவாச்சும் சொல்லுங்க. என்ன சொல்றான் எம்புள்ள?"