பஸ் கண்ணாடியில் வரைந்த மூளை

“போடா.”

எழுந்து இடம் கொடுத்தவனுக்குக் கிடைத்த நன்றி அதுதான். சாவகச்சேரியிலிருந்து வரணிக்குப் போகும் பஸ். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த பெரியவர் கேதீஸ்வரன் அவனை நிமிர்ந்து பார்த்து மறுபடியும், “போடா” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வாகீசனின் முகம் சுருங்கியது. “ஏன் ஐயா, இடம் விட்டதுக்கு ஏச்சோ?”

“அப்பாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்திட்டுது, கதைக்கேலாது,” என்றாள் பக்கத்தில் இருந்த சாருஜா.

“கதைக்கேலாதோ? போன வெள்ளி கோயிலிலை நான்தான் ஆர்மோனியம் வாசிச்சனான். முழுப் பதிகமும் பிழையில்லாமல் பாடினவர்...”

அவ்வளவுதான். அந்த அகன்ற கண்கள் அவன் பக்கம் திரும்பின... என்ன கண்கள் அவை! ரசிக்கத்தான் விடவில்லை, அப்படி ஒரு கோபம்.

“நீங்களும் சொல்லுங்கோ, நடிப்பெண்டு. ஊர் முழுக்கச் சொல்லுது. சித்தப்பாவும் சொல்லுறார். கோயிலிலை பாடுறவருக்கு வீட்டிலை வாய் இல்லையோ எண்டு. எட்டு மாதமா என்ரை பேரைச் சொல்லேலாமல் அந்த மனுசன் அழுறதை ஆர் பாத்தவை?”

ஆவி படிந்த பஸ் கண்ணாடியில் விறுவிறென்று ஒரு மூளையை வரைந்தாள். அவள் விஞ்ஞான ஆசிரியை.

“பிடரிப் பக்கம் பார்வை. அதுக்குக் கீழை சிறுமூளை, தள்ளாடாமல் நடக்கிறதுக்கு. இஞ்சை, இடப்பக்கம், நெற்றிக்குப் பின்னாலை பேச்சு. அங்கைதான் ரத்தம் அடைச்சது. பாட்டுக்கு வலப்பக்கமும் உதவும். வாயிலை ஊறின ஏச்சும் வேறை வழியாலை வந்திடும். அவருக்கு மிஞ்சினது பாட்டும் ‘போடா’வும்தான். விளங்குதோ?”

பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாகீசன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றான்.

“இரக்கப்பட்டு வந்தனீங்களெண்டால் அப்பிடியே திரும்பிப் போகலாம்,” என்றாள்.

“இல்லை டீச்சர். அந்த வலப்பக்க வழி திறந்துதானே கிடக்கு... ‘தண்ணி தா’, ‘இஞ்சை வா’ எண்டதுகளைப் பதிக மெட்டிலை பாடிப் பழக்கினால் என்ன?”

அவளுக்குச் சுருக்கென்றது. படித்த தனக்கு ஏன் இது தோன்றவில்லை? அந்தக் கோபத்தோடேயே வழிவிட்டாள்.

ஞாயிறு தவறாமல் வந்தான். அப்பாவின் இடக்கையைப் பிடித்துத் தாளம் தட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பாடினான். ஆறாவது ஞாயிறு சித்தப்பா கனகலிங்கம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“நடிக்கிறவருக்குப் பாட்டு வைத்தியமோ? உவன் ஆர், குமர்ப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வந்து போறதுக்கு?”

“உவர் அப்பாவை நம்பி வந்தவர். கூடப் பிறந்த நீங்கள் நம்பேல்லை. உங்களுக்கு வெக்கமாயில்லையோ சித்தப்பா?” சாருஜாவின் குரல் உடைந்தது.

அவள் அழுவதை அப்பா பார்த்தார். அவருடைய இடக்கை தொடையில் தட்டியது. உதடு கோணி, மெட்டுத் தடக்கி, “சா... ரு... ஜா...” என்று பாடினார்.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு! சாருஜா அவர் மடியில் விழுந்து விம்மினாள். சித்தப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

வாகீசனும் எழுந்தான். “சித்தப்பா கேட்டதிலும் நியாயம் இருக்கு. நான் ஆர்... டீச்சர், நான் உங்களை...” வாயைத் திறந்தான், மூடினான்.

கண்ணைத் துடைத்தபடியே கேட்டாள். “என்ன, உங்களுக்கும் பேச்சு அடைச்சிட்டுதோ? அப்ப பாடுங்கோ.”

அதே மெட்டில், “உங்களை... எனக்கு... விருப்பம்...” என்று பாடினான்.

அவள் தன் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. “ஓம்,” என்றாள். “எனக்கும்தான்.”

அவன் தயங்கித் தயங்கிப் பெரியவரைப் பார்த்தான். வரப்போகும் சொல் அவனுக்குத் தெரியும்.

கேதீஸ்வரன் இடக்கையை நீட்டினார். மெட்டு இல்லை, தாளம் இல்லை.

“வாடா,” என்றார்.