பச்சை பூசிய பள்ளம்

ட்ரிங்... ட்ரிங்!

வரைபட நிறுவனத்தின் முதலாளி ரிசீவரை எடுத்தார். கேட்டார். அலறினார்.

"ஐயோ! நம்ம பார்ட்னர் காரோட குவாரித் தண்ணில விழுந்து... போயிட்டாராம்!"

எதிர் மேசைப் பெண்ணின் கையிலிருந்து கோப்பை நழுவியது. அலுவலகத்தில் அவளைப் 'பெயிண்டர்' என்பார்கள். தூரிகையைத் தொட்டவள் அல்லள். இணைய வரைபடத்தில் சாலைக்கு இன்ன நிறம், ஏரிக்கு இன்ன நிறம் என்று உத்தரவிடும் ஸ்டைல்ஷீட்டை எழுதுபவள்.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். தம் செல்போனில் அவர்களுடைய வரைபடத்தைத் திறந்து நீட்டினார்.

"இடம் பார்க்கப் போனவரு உங்க மேப்பை நம்பி, மழையில காரை இறக்கியிருக்காரு. குவாரி இருக்கற இடத்துல மைதானம்னு பச்சையா இருக்கு! மைதானத்துல யாராவது மூழ்குவாங்களாய்யா?"

முதலாளியின் விரல் அம்பாய்ப் பாய்ந்தது.

"கலரெல்லாம் இந்தம்மா பொறுப்பு! குவாரியையே அழிச்சுட்டா! பிடிச்சுட்டுப் போங்க!"

"அழிக்கல சார்!" அவள் தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "குவாரி தகவல்ல பத்திரமா இருக்கு. ஸ்டைல்ஷீட் அதுக்கு மேல போடற சட்டை மாதிரி. யாரோ சட்டையை மாத்திட்டாங்க. இதோ... 'இந்தத் தண்ணிக்கு மட்டும் பச்சை'ன்னு ஒரே ஒரு வரி. சத்தியமா நான் எழுதல!"

"உன் கம்ப்யூட்டர்லேர்ந்துதானே மாறியிருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாஸ்வேர்டு முதலாளிக்கும் தெரியும் சார்..."

"எனக்கா?" முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "மெயில் பார்க்கவே மருமகனைக் கூப்பிடறவன்மா நான்!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விலங்கை எடுத்தார்.

"கிளம்பும்மா. ஸ்பாட்டை நான் இன்னும் பார்க்கல. அங்க போயிட்டு அப்படியே ஸ்டேஷன். வழி எப்படி சார்?"

உதவும் ஆர்வம் முதலாளிக்குப் பொங்கி வழிந்தது. தம் செல்போனைப் பணிவுடன் நீட்டினார்.

"இதோ சார்! நேரா போயி, இந்தத் தண்ணிக்கு முன்னாடி வலது பக்கம் திரும்பினா..."

பெயிண்டர் எட்டிப் பார்த்தாள்.

"சார்... உங்க போன்ல மட்டும் குவாரி நீலமா இருக்கே!"

இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார்.

"நம்ம மேப்தான். ஆனா பழைய ஸ்டைல்ஷீட்! உங்க போனுக்கு மட்டும் தனியா வெச்சிருக்கீங்க. தினமும் அந்த வழியாத்தானே வீட்டுக்குப் போறீங்க... தப்பித்தவறி நீங்களே விழுந்துடக் கூடாதில்ல?"

முதலாளி போனை அவசரமாகச் சட்டைப்பையில் திணித்தார்.

"கம்பெனியைப் பிரின்னு... அவன் என் உயிரை எடுத்தான் சார்..."

"அதனால அவர் உயிரை நீங்க எடுத்துட்டீங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு, மிகுந்த மரியாதையுடன், கை மாறியது.

வாசலில் இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஏம்மா... மேப்புல ஜெயிலுக்கு என்ன கலரு?"

"மைதானம்னு பச்சையாவே காட்டிடலாம் சார். முதலாளிக்குப் பிடிச்ச கலராச்சே!"