பதினான்காம் பக்கத்துக் கடல்

மழை சொல்லாமல் வந்துவிட்டது. பேருந்து நிழற்குடையின் கீழ் நின்று அவள் அலுவலகக் கோப்பைக் கைப்பைக்குள் திணிப்பதற்குள், ஒரு தாள் நழுவிப் பறந்து... இரண்டடி தள்ளி நின்றவனின் ஈரச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

எடுத்தான். உடனே கொடுத்திருக்கலாம். படித்தான்.

"ஏங்க, ஒரு சந்தேகம். இந்த மாநிலத்துல கடல் எங்க இருக்கு?"

நனைந்த இமைகள்... அவற்றின் கீழே சிரிப்பை ஒளித்துவைத்த கண்கள். காதில் ஒரு பென்சில். அவள் மனம் ஒரு நொடி தடுக்கி விழுந்தது. உடனே எழுந்தும் கொண்டது. அடுத்தவர் தாள் கையில் கிடைத்ததும் நடுவரி வரைக்கும் நோண்டுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

"எங்க மாநிலம், எங்க கடல். உங்களுக்கு என்ன?" தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சரிங்க. உங்க கடல்தான்."

அரை மணி நேரம் கழித்து, அதே பென்சில் திட்டத் துறை அலுவலகத்துக்குள் நுழைந்தது. பின்னால் இயக்குநர்.

"இவர்தாம்மா நம்ம புது ஆலோசகர். வெளிநாட்டு அறக்கட்டளை நிதியை நமக்கு வாங்கித் தர்றதும், வந்த பிறகு திட்டத்தை நடத்திக் காட்டறதும் இவர் பொறுப்பு. உன் விண்ணப்பத்தைக் கொடுத்துடு."

கொடுத்தாள். ஈரம் காயாத பதினான்காம் பக்கத்தையும் சேர்த்துத்தான்.

மலைமேல் இருக்கும் பதினோரு ஊர்களுக்கு நடமாடும் மருத்துவ வண்டி. அதற்காக இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். சென்ற வருடம் வந்த ஆலோசகர் அவள் எழுதியதை வரிக்கு வரி எடுத்து, வேறொரு மாநிலத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார். நிதி அங்கே போனது. இவளுக்கு, 'இதே போன்ற விண்ணப்பம் ஏற்கெனவே வந்துள்ளது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. வேறொருவருடையதைப் பார்த்து எழுதியவள் என்ற பெயரும் கூடவே வந்தது.

அதனால்தான் இந்த முறை பொறி வைத்தாள். பதினான்காம் பக்கத்தில், 'கடலோர ஊர்கள் நீங்கலாக' என்று மூன்று சொற்கள். கடலே இல்லாத மாநிலம் இது. திருடுகிறவன் கடலையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவான்... கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

"பென்சில்காரர் பாக்க நல்லாத்தான் இருக்கார்," என்றாள் தட்டச்சுப் பிரிவு அக்கா.

"போன வருஷம் வந்தவரும் நல்லாத்தான்க்கா இருந்தார்."

"அவருக்கு வழுக்கை."

"அக்கா..."

"சும்மா சொன்னேன். நீ ஏன் அவர் வர நேரத்துக்குக் கண்ணாடி பாக்கற?"

"உளவு பாக்கறேன்."

எதிர் மேசையில் அவன் பக்கம் பக்கமாகத் திருத்தினான். ஒருநாள் தலையைத் தூக்கி, "மழைக்காலத்துல வண்டி மேல ஏறுமா?" என்றான்.

"மூணு மாசம் பாதை இருக்காது."

"அப்ப அந்த மூணு மாசம் நர்ஸ் மேலயே தங்கணும். தங்க ஒரு வீடும் கேட்டு எழுதுங்க."

இரண்டு வருடத்தில் அவளுக்குத் தோன்றாதது. இவ்வளவு அக்கறை எதற்கு? இல்லை... விற்கப்போகிற பொருளைத் துடைத்து வைக்கிறானா?

தினமும் அவன் கிளம்பியதும் பதினான்காம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். காற்புள்ளியைக்கூட விடாத பென்சில், கடலை மட்டும் தொடவில்லை. அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். பிறகு ஏன்?

ஒன்பதாம் நாள் விடை கிடைத்தது. நடைக்கூடத்தில் தொலைபேசியில் அவன் குரல். "முழுசும் என்கிட்டதான் சார் இருக்கு... பேரை மட்டும் மாத்தினா போதும். இன்னிக்கே மாத்திடறேன்."

வந்த வழியே திரும்பி நடந்தாள். சென்ற வருடம் கோபம்தான் வந்தது. இப்போது கோபம் ஏன் வரவில்லை?

பத்தாம் நாள், கடைசி நாள். மாலை ஐந்துக்குள் விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். அவன் முடித்துக் கொடுத்த பிரதியைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்கு நடந்தாள். ஆதாரத்தோடு பேச வேண்டும். கதவருகே நின்று பதினான்காம் பக்கத்தைத் திறந்தாள்.

கடல் அப்படியே இருந்தது. ஓரத்தில் பென்சில் எழுத்து.

'இது உங்கள் கடல். சென்ற வருடக் கதையை இங்கே வந்த அன்றே கேட்டேன், பொறி என்று புரிந்தது. நான் அழித்தால் பொறியிலிருந்து தப்பியவன் ஆவேன், நம்பிக்கைக்கு உரியவன் ஆகமாட்டேன். நீங்களே அழியுங்கள். இன்று, ஐந்துக்குள்.'

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் எப்போதும் ஆலோசனை நிறுவனத்தின் பெயர் இருக்கும். இன்று அவள் பெயர். அவள் பெயர் மட்டும்.

நேற்று மாற்றுவதாகச் சொன்னது இந்தப் பெயரைத்தானா...

"என்னம்மா, வாசல்லயே நின்னுட்ட?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு கடலை அழிக்கணும்."

நாலு நாற்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

வெளியே மறுபடியும் மழை. அதே நிழற்குடையில் அவன் நின்றிருந்தான். அவள் இரண்டடி தள்ளி நின்றாள். பிறகு ஓரடி.

"மன்னிச்சிடுங்க... திருடன்னு நினைச்சேன்."

"பரவால்லங்க. திருடற எண்ணம் கொஞ்சம் இருந்துச்சு. விண்ணப்பத்தை இல்ல." அவன் காதில் இருந்த பென்சிலை எடுத்து, மறுபடியும் அங்கேயே வைத்தான். "இந்த நிதி வந்தா, மூணு வருஷம் இங்கயே இருந்து நடத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. வரலைன்னா..."

"வரலைன்னா?"

"அதுக்கு ஒப்பந்தத்துல எதுவும் இல்ல. நீங்க சொன்னா, அப்பவும் இருப்பேன். உங்களைப் பிடிச்சிருக்கு. தாள் வந்து சட்டையில ஒட்டின அன்னிலேர்ந்து."

மழைச் சத்தம் சற்றே விலகி நின்றதுபோல் இருந்தது. பேருந்து வந்தது... போனது. இருவரும் ஏறவில்லை.

"இருங்க," என்றாள், சாலையைப் பார்த்தபடியே.

"அப்ப சந்தேகம் தீர்ந்துடுச்சா?"

"எங்க தீர்ந்துச்சு? பக்கத்துலயே இருந்தாத்தானே கண்காணிக்க முடியும்..."

சொல்லிவிட்டு, மீதி இருந்த ஓரடியையும் கடந்து வந்து நின்றாள்.