பகல் நிறுவையைத் தின்றது யார்?

ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து களவு போயிருப்பது, சம்பளத் துண்டு கைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது. காலையில் நிறுத்தது துண்டில் இருந்தது. அந்தியில் நிறுத்தது இருந்தது. நடுவே பகல் நிறுவை மட்டும் பாதி மாதமாக இல்லை. மற்ற மலைகளில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில், மழையில் ஆட்கள் அத்தனை பேரும் நிற்க, மேனேஜர் கஜேந்திரன் அந்த மலையில் கொழுந்தை நிறுத்துப் பதியும் கணக்கப்பிள்ளை கஸ்பரைப் பார்த்துக் "கள்ளன்" என்றார். அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் பொய்யென்று நிரூபிக்காவிட்டால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும்.

நிறுவையைப் போனில் பதியும் செயலியைச் செய்தது ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இரண்டு மேசை போட்ட நிறுவனம். கஸ்பரின் களவுக்குச் சாட்சி தேடித் தரச்சொல்லி அழைப்பு போனது. புதன்கிழமை காலை 10.20க்கு இருவர் வந்து இறங்கினார்கள். ஒருத்தி நிரோஜினி, நிறுவனத்தின் சொந்தக்காரி, மூன்று நாளாகச் சளி. மற்றவன் கிருஷாந்தன், யாழ்ப்பாணத்துப் பையன், செயலியை எழுதியவன். துப்பறிவது நிரோஜினியின் தொழில் இல்லை. அடுத்தவன் எழுதியதில் பிழை தேடுவது அவள் தொழில். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வாள்.

"ஏபிஐயில பிழை இல்லை அக்கா," என்றான் கிருஷாந்தன். "எல்லா டெஸ்டும் பாஸ்."

ஏபிஐ என்பது ஒரு ஜன்னல். மலையிலிருந்து கணக்கப்பிள்ளையின் போன் நிறையை நீட்டும். உள்ளே இருக்கும் சேர்வர் வாங்கி, அதனதன் இடத்தில் வைக்கும். அந்த ஜன்னலைக் கிருஷாந்தன் பைத்தான் மொழியில், ஃபாஸ்ட்ஏபிஐ என்ற கருவி கொண்டு கட்டியிருந்தான். அழகான ஜன்னல். கம்பிகூடப் போட்டிருந்தான்.

ஆபீசில் கஸ்பர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னபோதும் நின்றார். எங்கிருந்தோ ஓர் ஈ வந்து ரீங்கரிக்க, அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக் குனிந்தார். கிளார்க் சிரித்தார்.

"போன மாசம் குளவி கொட்டி ஆஸ்பத்திரில கெடந்த ஆளு. அதிலருந்து இப்படித்தான்," என்றார் கஜேந்திரன்.

நிரோஜினி சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெளியே நின்ற பேச்சியம்மாவைக் கூப்பிட்டாள். ஏழாம் மலையில் கொழுந்து எடுப்பவள்.

"பகல்ல நிறுத்தாங்களா அக்கா?"

"நிறுத்தாங்க."

"போன்ல போட்டாரா?"

"என் கண்ணு முன்னாலதான் போட்டாரு. படிச்சும் காட்டுனாரு. அந்த மலைல டவர் கெடையாதுங்க. மேல பாறையில ஏறி நின்னாத்தான் போகும்."

நிரோஜினி மேனேஜரிடம் திரும்பினாள். "ஐயா, ஃபேக்டரில எடை போட்ட கொழுந்து எவ்வளவு? செயலி காட்டுறது எவ்வளவு?"

எல்லா மலைக் கொழுந்தும் ஒரே லொறியில் கலந்து போவதால், இதை யாரும் ஒப்பிட்டிருக்கவில்லை. கிளார்க் பார்த்தார். ஃபேக்டரிக் கணக்குத்தான் கூடுதலாக இருந்தது.

"அப்ப கொழுந்து வெளிய போகல," என்றாள் நிரோஜினி. "எண்ணு மட்டும்தான் போயிருக்கு. எண்ணைத் திருடி எவன்கிட்ட விக்கிறது?"

"அப்ப வேணும்னே அனுப்பாம விட்டிருக்கான்," என்றார் கஜேந்திரன்.

அவள் மடிக்கணினியைத் திறந்து, சேர்வருக்கு வந்ததெல்லாம் பதியும் பக்கத்தைப் பார்த்தாள். பார்த்தது பிடிக்கவில்லை. இரண்டு முறை தும்மினாள்.

"அனுப்பியிருக்கார் ஐயா. ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு தடவை. ரெண்டும் அந்தியில, அடுத்தடுத்து. கஸ்பர் அண்ணே, குளவி எங்க கொட்டுச்சு?"

"அந்தப் பாறைலதாங்க. இன்னும் கூடு இருக்கு. அதிலருந்து நான் அந்தப் பக்கம் போறதில்ல. காலையுதை தேத்தண்ணிக்குக் கீழ எறங்கும்போது போயிரும். பகலுதையும் அந்தியுதையும் சேத்து ஃபேக்டரி வாசல்ல வச்சு அனுப்பிருவேன். போய்ச் சேந்துருச்சுன்னு ரெண்டுக்கும் பச்சை விழுந்துச்சே?"

"விழுந்திருக்கும். கிரு, வர்றது பகல் நிறுவையா அந்தி நிறுவையான்னு உன் ஜன்னலுக்கு எப்படித் தெரியும்?"

"சேர்வருக்கு வந்து சேருற நேரத்தை வைச்சு. போனின்ர நேரத்தை நம்பேலாது அக்கா, ஆரும் மாத்திப்போட்டுக் களவு செய்..." பாதி வழியில் அவன் குரல் வேகம் குறைந்தது.

"ஒரே வேளைக்கு ரெண்டாவது வந்தா?"

"பழசை எடுத்துப்போட்டுப் புதுசை வைக்கும். தவறி ரெண்டு தரம் அமத்தினா ரெட்டிப்பாகக் கூடாது எண்டு..."



"ஐயா, உங்க கள்ளன் இவன்தான்," என்றாள் நிரோஜினி, களைப்போடு. "கொழுந்தை நிறுத்த நேரத்தை இவன் ஜன்னல் கேட்கவே இல்ல. பகல் நிறுவை அந்தியில வந்தா அதுவும் அந்தின்னே எடுத்துக்கிச்சு. பின்னால வந்த நெஜ அந்தி அதைத் தின்னுருச்சு. களவைத் தடுக்கப் போட்ட கம்பிதான் களவெடுத்துச்சு. குத்தம் எனக்கும் சேத்துத்தான், சோதிக்காம விட்டவ நான். வந்தது ரெண்டும் பதிவுல இருக்கு, திருப்பிப் போட்டுரலாம்."

கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மீண்டும் துடைத்தார். "சரி கஸ்பர். நாளைக்கு வேலைக்கு வா."

"வர்றேங்க." கஸ்பர் நகரவில்லை. "கள்ளன்னு பெரட்டுல வச்சுச் சொன்னீங்க. இதையும் அங்கேயே வச்சுச் சொல்லணும்."

வியாழன் காலை. அதே மழை. கஜேந்திரன் குடைக்குள்ளிருந்து, "கம்பியூட்டர்ல ஒரு பிழை. கஸ்பர்ல குத்தம் இல்ல," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கம்பியூட்டருக்கு அப்பன் யாருங்க?" பின்வரிசையிலிருந்து பேச்சியம்மா.

யாரும் தள்ளாமலே கிருஷாந்தன் முன்னால் வந்தான். சப்பாத்து சேற்றில் புதைந்தது. "நான்தான். அவர் ஒண்டும் எடுக்கேல்லை. பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இவ்வளவு கொழுந்தையும் தின்னுட்டா தம்பி இப்படி ஒல்லியா இருக்கே?"

பெண்கள் சிரித்தார்கள். கஸ்பர் சிரிக்கவில்லை. தராசை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். 

"நேரமாச்சு. மலைக்கு ஏறுங்க."

அவர் வாய் மூடுமுன் வரிசை நகர்ந்தது.